மூன்றரைச் சுற்று

வயர்லெஸ், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர்
பழுது பார்க்கப்படும் என்றுதான் பலகையில் இருக்கிறது.
அதை ஒருமுறை வாசித்துவிட்டுத்தான்
நெல்டன் தன் கிதார் ஆம்பை
என் மேசையில் வைத்தான்.

குளச்சல், துறைமுகம் போகும் ரோடு. தடைக்காலம்.
அத்தனை விசைப்படகின் வயர்லெஸ்ஸும்
என் தட்டுகளில் வாய்மூடிக் கிடக்க,
கச்சான் காற்று மட்டும்
ஷட்டரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

"ஒயர இப்படிச் சாய்ச்சுப் பிடிச்சா பாடும்.
விட்டா கரகரன்னு ஒரே எளவு.
நாளைக்குக் கொடியேத்தாக்கும், அக்கா."

சாய்த்துப் பிடிக்க அவன் செய்திருந்தவை:
கறுப்பு டேப். அதன்மேல் சைக்கிள் டியூப்.
அதன்மேல் துணிக்கு மாட்டும் கிளிப்பில் பாதி.
உரித்து எடுக்கவே கால்மணி நேரம்.

பின்பலகையில் எட்டு ஸ்க்ரூ இருக்க வேண்டும்.
ஆறு இருந்தது. ஒன்று, கதவிலிருந்து கழற்றியது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும்
பெரிய கெப்பாசிட்டர் கொஞ்சம் வைத்துக்கொண்டிருக்கும்,
சண்டை முடிந்த வீட்டைப்போல.
அதை மெல்ல இறக்கிவிட்டேன்.
கையை உள்ளே விட்டேன்.

ஜாக்கின் பின்னால் இரண்டு ஒயர்
வடம்போல முறுக்கிக் கிடந்தன.
எண்ணினேன். மூன்றரைச் சுற்று.

"யார் யாரு முறுக்குனிய?"
"நான் ஒருக்கா. மைக்செட் ஜஸ்டஸ் ஒருக்கா.
பாடகர் குழு மாஸ்டர் குறடு போட்டு ஒருக்கா."
"அரை?"
யோசித்தான். "தங்கச்சியா இருக்கும்."

எல்லோரும் வெளியிலிருந்துதான் முறுக்கியிருக்கிறார்கள்.
உள்ளே ஒரு விரல் பிடித்துக்கொள்ள வேண்டும்
என்று யாருக்கும் தோன்றவில்லை.
மரை இறுகுவதாக அவர்கள் நினைத்தபோதெல்லாம்
முதுகுப்பக்கமும் கூடவே சுற்றியிருக்கிறது.
ஏழு இழையில் ஆறு போய்விட்டது.
மிச்சமிருந்த ஒன்றில்
இரண்டு பெருநாளும் ஒரு கல்யாணமும் ஓடியிருக்கின்றன.

வெட்டி, சீவி, ஈயம் வைத்தேன்.
உப்புப் பூத்த தகட்டை ஸ்பிரிட்டில் துடைத்தேன்.
தளர்ந்திருந்த அதன் நாக்கை
ஊசிமூக்குக் குறடால் ஒரு மயிரிழை உள்ளே வளைத்தேன்.
வாஷர் இல்லை, என்றைக்கோ கடலுக்குப் போயிருக்கும்.
அவுட்போர்டு எஞ்சின் டப்பாவைக் கவிழ்த்துத்
துழாவியதில் ஒன்று பொருந்தியது.
இடதுகை விரல் உள்ளே. வலதுகையில் ஸ்பேனர்.
கால் சுற்று.
இன்னும் கொஞ்சம் என்று தோன்றுகிற இடத்தில்
நிறுத்திவிட வேண்டும்.

டக்.
அப்படி ஒரு சத்தத்தோடு பிளக் உள்ளே போவதை
அவன் கேட்டதே இல்லை போலிருக்கிறது.
உருவிவிட்டு மறுபடி குத்தினான். மறுபடி.
ஒயரை இழுத்தான், ஆட்டினான்.
"சத்தமே இல்லியே. ஓடுதா?"
"கம்பியத் தொடு."
தடித்த கம்பியைத் தொட்டான்.
தட்டிலிருந்த வயர்லெஸ் மூடியெல்லாம் நடுங்கின.

எண்பது ரூபாய் சொன்னேன்.
ஐம்பது கொடுத்தான்.

மறுநாள் கொடி ஏறி, வெடி ஓய்ந்து, பாட்டு.
ஐந்தாவது வரிசையில் நான்.
மேடையில் எல்லாரும் ஆடிக்கொண்டிருக்க
நெல்டன் மட்டும் ஆம்பை ஒட்டி,
வலதுகால் ஒயர்மேல், இடுப்பு அசையாமல்,
போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளைபோல.
தலை மட்டும் தாளத்துக்கு.
மூன்று வருஷமாக நின்ற நிற்பு.
ஆம்பு சரியான விவரம் காலுக்கு எட்டவில்லை.

நகரு, என்று கையைக் காட்டினேன்.
பார்த்தான். புரியாத மாதிரி இரண்டு பாட்டு.
மூன்றாவதில், கன்னத்தில் வேர்வையோடு,
வலதுபக்கம் ஓர் எட்டு வைத்தான்.
கரகரப்பு வரவில்லை.
இன்னோர் எட்டு.

ஒயர் தரையைவிட்டு எழும்பி
தூண்டில் நரம்புபோல விறைத்து
அவனைப் பிடித்து நிறுத்தியது.
நகரவே போவதில்லை என்று
அன்றைக்கு விலை குறைத்து வாங்கிய ஒயர்.

எண்பதில் முப்பது பாக்கி.
நீள ஒயருக்கும் இங்கேதான் வருவான்.